மெக்சிகோ ஆற்றில் எட்டு நிமிஷம்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். பழங்கதைன்னா ஓடிப்போறவங்க இப்பவே ஓடிடலாம் :-)

போன ஞாயித்துக்கிழமை பரண் சுத்தம் பண்ணும் படலம். தில்லியில் 30 வருஷத்துக்கும் மேலே குப்பை கொட்டியாச்சு. அந்தக் குப்பையில் பாதி பரணில்தான் இருக்குன்னு தங்கமணியின் கணக்கு. (தப்பு. முக்கால்வாசி.) வீடு மாறும்போதெல்லாம் பிரிக்காமலே கூட வந்த ஓர் அட்டைப்பெட்டிக்குள்ளே நாலா மடிச்ச வரைபடம் ஒண்ணு கிடைச்சது. அமெரிக்காவில், ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ பக்கத்தில் இருக்கும் டிஸ்னி உலகத்தின் எப்காட் பூங்கா வரைபடம். 1999ஆம் வருஷத்தது. அதில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் பச்சைக் கிரேயானால் பெரிய வட்டம். போட்டது மகள். அப்போ அவளுக்கு 5 வயசு.

வட்டத்துக்குள்ளே இருந்தது ஒரு பிரமிடு. மெக்சிகோ.

2000ஆம் ஆண்டு பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துடும்னு பயந்த காலம் நினைவிருக்கா? அந்தப் பயத்தில் பிழைச்ச நம்மாட்களில் நானும் ஒருத்தன். தில்லியிலிருந்து ஒரு வருஷத்துக்கு ஃப்ளோரிடா அனுப்பினாங்க. அங்கே போயிட்டு டிஸ்னி பார்க்காம வந்தா ஊர்ல மதிக்க மாட்டாங்க. டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்கக்கூடாதுன்னு தங்கமணி சத்தியம் வாங்கினப்புறம் கிளம்பினோம்.

எப்காட்டில் பெரிய ஏரி ஒண்ணு உண்டு. அதைச் சுத்தி 11 நாடுகள். மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொராக்கோ, பிரான்ஸ், பிரிட்டன், கனடா. ஒரு நாட்டிலிருந்து இன்னொண்ணுக்கு நாலு நிமிஷ நடை. விசா வேண்டாம்.

"நம்ம நாடு எங்கேப்பா?"

இல்லைன்னேன். முகம் சுருங்கிப் போச்சு. அதைச் சமாதானம் பண்ணத்தான் முதலில் கண்ணில் பட்ட பிரமிடுக்குள்ளே நுழைஞ்சோம்.

வெளியே சுள்ளுன்னு வெயில். உள்ளே போனால் எப்பவும் சாயங்காலம் ஆறரை மணி! கருநீல வானம் மாதிரி கூரை. சுத்திலும் ஸ்பானியப் பாணி வீடுகள், பால்கனிகள், தொங்கும் விளக்குகள். நடுவிலே சந்தை. சந்தையைத் தாண்டினால் ஆத்தங்கரையில் ஓர் உணவகம். மெழுகுவத்தி வெளிச்சம் மாதிரி ஒரு வெளிச்சத்தில் சனங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. அதுக்கும் அப்பால் இருட்டில் ஒரு பிரமிடு, அதுக்கும் பின்னாலே புகை விடும் எரிமலை. எல்லாம் ஒரு கட்டடத்துக்குள்ளே.

அந்த ஆத்தில்தான் படகு. பேர் 'எல் ரியோ தெல் தியெம்போ'. ஸ்பானிய மொழியில் காலத்தின் ஆறுன்னு அர்த்தம். ஓட்டுறதுக்கு ஆள் கிடையாது. தண்ணியோட ஓட்டமே படகைத் தள்ளிக்கிட்டுப் போகும்.

மொத்தமே ஏழெட்டு நிமிஷம்தான். முதலில் உணவகத்தில் சாப்பிடறவங்களை ஒட்டிப் படகு நகரும். (அவங்க தட்டை நாம பார்ப்போம், நம்ம முகத்தை அவங்க பார்ப்பாங்க.) அப்புறம் காட்டுச் சத்தம். பிரமிடு. இருட்டுக் குகை. ஒரு மாயர் பூசாரி திரையில் தோன்றி வரவேற்பார். மாயர், தோல்தெக், அஸ்தெக் என்று பழைய மெக்சிகோவின் நாகரிகங்கள் திரைகளில் நடனமா வரும். குகையை விட்டு வெளியே வந்தால் ஒரே வெளிச்சம்! ரெண்டு கரையிலும் கலர் கலரா உடை போட்ட குழந்தைப் பொம்மைகள். பாட்டு, ஆட்டம், தொங்கவிட்ட பானையைக் குச்சியால் அடிச்சு மிட்டாய் எடுக்கிற விளையாட்டு. எலும்புக்கூடுகள் கூட வாத்தியம் வாசிக்கும், இறந்தவர்களை நினைச்சுக் கொண்டாடுற திருவிழாவாம். அதைத் தாண்டினால் மறுபடி திரைகள். அகபுல்கோவில் செங்குத்துப் பாறையிலிருந்து கடலில் குதிக்கிறவங்க, கடற்கரை, சுற்றுலாப் பயணிகள்.

அப்புறம்தான் எங்க வீட்டு ஹீரோ வருவார். சந்தை வியாபாரி. சன்னல் மாதிரி இருக்கும் திரையில் நின்னுக்கிட்டு, படகில் போற நம்மகிட்ட சாமான் விக்கப் பார்ப்பார். வாங்கலைன்னா விட மாட்டார். படகு நகர நகர அடுத்த சன்னலுக்கு ஓடிவந்து மறுபடியும் கூப்பிடுவார். தங்கமணி அசராமல் "வேணாம்ப்பா, போன வாரம்தான் வாங்கினோம்"னு தமிழில் பதில் சொன்னாங்க. முன்னாடி உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரிச்சது. மகள் படகு அதிரச் சிரிச்சா.

கடைசியில் மெக்சிகோ நகரம். பொம்மைகள் வட்டமாச் சுத்த, மேலே இருட்டுக் கூரையில் கண்ணாடி இழை விளக்குகளால் வாணவேடிக்கை. அவ்வளவுதான். இறங்கு.

அன்னிக்கு 4 தடவை போனோம். வரிசையே இல்லை. மத்த இடத்தில் எல்லாம் ஒரு மணி நேரம் நின்னவங்களுக்கு அது சொர்க்கம். ஏன் வரிசை இல்லைன்னு அப்போ யோசிக்கலை. அதுதான் பிற்பாடு அதுக்கு எமனா வந்ததோ என்னவோ.

இனி கொஞ்சம் சரித்திரம்.

எப்காட் திறந்தது 1982 அக்டோபர் 1. இந்தப் படகும் அன்னிக்கே ஓட ஆரம்பிச்சது. உலகத்தையே ஒரு வளாகத்துக்குள் காட்டும் பழைய உலகக் கண்காட்சிகளின் வாரிசு இந்தப் பூங்கா. படகில் உட்கார்ந்து பொம்மைக் குழந்தைகளைப் பார்க்கிற யோசனையே அப்படி ஒரு கண்காட்சிக்காக, 1964 நியூயார்க் கண்காட்சிக்காக, டிஸ்னி செய்ததுதான். 'உலகம் ரொம்பச் சின்னது' என்கிற அந்தப் படகின் தம்பின்னே மெக்சிகோ படகைச் சொல்லலாம். பொம்மைகளின் சாயலே காட்டிக் கொடுக்கும். ஆனா ஒரு வித்தியாசம். ஆரம்ப கால எப்காட்டில் மிக்கி மவுஸ், டொனால்ட் டக் வகையறாக்களுக்கு இடமே கொடுக்கலை. இது படிக்கிற இடம், விளையாட்டு பக்கத்துப் பூங்காவில்னு ஒரு விறைப்பு. அந்த விறைப்பில் பிறந்ததாலதான் இந்தப் படகுக்குக் 'காலத்தின் ஆறு'ன்னு பேர் வச்சாங்க. சரித்திரம் சொல்றேன்னு கிளம்பின படகு அது.

எந்தச் சரித்திரத்தைச் சொல்லிச்சு என்பதுதான் இப்போ வரைபடத்தைக் கையில் வச்சுக்கிட்டு யோசிக்கும்போது உறுத்துது.

மாயர்கள் சுழியத்துக்குத் தனிக் குறி வச்சிருந்தவங்க. 20ஐ அடிப்படையா வச்சு எண்ணினவங்க. அஸ்தெக் மக்கள் தெஷ்கோகோ ஏரிக்கு நடுவிலே ஒரு தீவில் டெனோச்டிட்லான் என்கிற மாநகரத்தைக் கட்டினவங்க. ஏரியில் சேத்தையும் கோரையையும் குவிச்சு, அதைத் தோட்டமாக்கி வெள்ளாமை பண்ணினாங்க. இதில் ஒரு துளியாவது அந்த நடனத்தில் இருந்தது, சரி. அடுத்த திருப்பத்தில் பொம்மைகள் கிடார் வாசிக்குது. கிடார் எங்கேருந்து வந்தது?

1519இல் எர்னான் கோர்தேஸ் ஸ்பெயின் படையோட வந்து இறங்கினார். 1520இல் அம்மை அந்த மாநகரத்துக்குள் நுழைஞ்சு, ஆயுதத்துக்கு முன்னாடியே ஆட்களை வாரிக்கிட்டுப் போச்சு. அஸ்தெக் ஆட்சி பிடிக்காத த்லஷ்காலா மக்கள் ஸ்பானியர் பக்கம் நின்னாங்க. ரெண்டு மாசத்துக்கும் மேலே முற்றுகை. 1521 ஆகஸ்ட் 13 அன்னிக்கு நகரம் விழுந்தது. அதன் இடிபாட்டு மேலேதான் இன்னைய மெக்சிகோ நகரம் எழும்பிச்சு. ஏரியை வடிச்சாங்க. அப்புறம் 300 வருஷம் ஸ்பெயின் ஆட்சி. 1810இல் விடுதலைப் போர் ஆரம்பிச்சு, 1821இல் விடுதலை. 1910இல் புரட்சி.

அந்தப் படகில் முற்றுகை கிடையாது, அம்மை கிடையாது. ஒரு குகைத் திருப்பம்தான். இருட்டுக்குள்ளே அஸ்தெக், வெளிச்சத்தில் கிடார். ஆனா ஸ்பெயின் அங்கே இல்லாமலும் இல்லை. சந்தையைச் சுத்தி நின்ன வீடுகள் ஸ்பெயின் பாணி. படகின் பேர் ஸ்பெயின் மொழி. எலும்புக்கூட்டுத் திருவிழாவே பழங்குடி நம்பிக்கையும் கத்தோலிக்கமும் கலந்து வந்தது. விளைவு எல்லாம் கண் முன்னாடி இருக்கு, காரணத்தை மட்டும் எடுத்துட்டாங்க.

இதில் ஒரு வேடிக்கை பாருங்க. 1978 பிப்ரவரியில் மெக்சிகோ நகரத்தின் நடு மையத்தில் மின்சார வாரிய ஆட்கள் பள்ளம் தோண்டும்போது ஒரு பெரிய வட்டக்கல் தட்டுப்பட்டது. கோயோல்ஷௌகி என்கிற நிலா தெய்வத்தின் உருவம் செதுக்கின கல். அதிலிருந்து ஆரம்பிச்ச அகழ்வில்தான் ஸ்பானியர் இடிச்ச அஸ்தெக் பெருங்கோயிலின் அடித்தளம், தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே வெளியே வந்தது. 1982இல் எப்காட் திறந்தபோது அங்கே இன்னும் தோண்டிக்கிட்டு இருந்தாங்க. நிஜ நகரம் மண்ணுக்குள்ளே புதைஞ்ச பக்கத்தை எடுத்துப் படிக்குது, ஃப்ளோரிடாவில் அந்தப் பக்கத்தை விட்டுட்டுப் படகு ஓடுது.

இன்னொண்ணு. அதே 1982 ஆகஸ்டில்தான் வாங்கின வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியலைன்னு மெக்சிகோ கை விரிச்சது. செப்டம்பரில் வங்கிகளை அரசாங்கமே எடுத்துக்கிச்சு. அக்டோபர் 1ஆம் தேதி ஃப்ளோரிடாவில் பொம்மைகளுக்கு வாணவேடிக்கை!

ஓய்வெடுக்க வர்றவனிடம் அம்மையையும் கடனையும் காட்ட முடியுமான்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். நானும் அன்னிக்குக் கேக்கலை. 4 தடவை போய்ச் சிரிச்சுட்டுத்தான் வந்தேன்.

அந்தப் படகு 25ஆவது வருஷத்தில் நின்னுபோச்சு. 2007 ஜனவரி 2 கடைசி நாள். அதே ஏப்ரலில் புதுப்பேரோட திறந்தாங்க. 'கிரான் ஃபியஸ்டா டூர்'. அதே ஆறு, அதே படகு, பொம்மைகளும் உண்டு. திரைகள் மட்டும் மாறிப்போச்சு. மெக்சிகோ நகரத்தில் கச்சேரி. டொனால்ட் டக் எங்கேயோ ஊர் சுத்தப் போயிடுது. பிரேசில் கிளி ஹோசே காரியோகாவும் மெக்சிகோ சேவல் பஞ்சீட்டோவும் அதைத் தேடிக்கிட்டுப் போறாங்க. இதான் கதை.

வாத்து மேலே எனக்குக் கோபம் இல்லை. அந்த மூணு பேருக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. ரெண்டாம் உலகப்போர் சமயத்தில் தெற்கே இருக்கும் நாடுகளோட நட்பு வேணும்னு அமெரிக்க அரசு நினைச்சது. அதுக்காக 1941இல் வால்ட் டிஸ்னியையும் அவரோட ஓவியர்களையும் தென் அமெரிக்காவுக்கு அனுப்பினாங்க. அதன் விளைச்சலா வந்த படங்களில் ஒண்ணுதான் இந்த மூவரும் நடிச்ச 'த்ரீ கபலேரோஸ்'. 1944 டிசம்பரில் மெக்சிகோ நகரத்தில்தான் முதலில் திரையிட்டாங்க. ஆக, அந்தச் சேவல் மெக்சிகோவுக்குப் பழைய விருந்தாளிதான். 2015இல் மூவரின் அசையும் பொம்மைகளையும் கொண்டுவந்து கடைசிக் காட்சியில் நிறுத்தினாங்க. 1971இல் டிஸ்னி உலகம் திறந்தபோது நடந்த மிக்கி மவுஸ் இசை நிகழ்ச்சியில் ஆடின பொம்மைகள் அவை. நடுவில் தோக்கியோ வரைக்கும் போய் ஆடிட்டு வந்தவை!

மெக்சிகோவோட நிக்கலை. பக்கத்து நார்வேயில் 1988இலிருந்து ஓடின படகு 2014இல் நின்னு, 2016இல் 'ஃப்ரோசன்' படத்தின் படகாத் திரும்பிச்சு. ஒரு நாட்டைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்த இடங்கள் ஒவ்வொண்ணா, தெரிஞ்ச முகங்கள் வந்து போற இடமா மாறிப்போச்சு. வரிசையும் நீண்டது. குழந்தைகளுக்குச் சந்தோஷம்தான்.

2023இல் மகள் வேலை விஷயமா அமெரிக்கா போனா. ஆர்லாண்டோவில் ஒருநாள் ஓய்வு. நேரா அந்தப் பிரமிடுக்குள்ளே போயிருக்கா. வெளியே வந்ததும் போன். இங்கே நடுராத்திரி.

"அப்பா, சந்தை இருக்கு, எரிமலை இருக்கு, பொம்மைங்க இருக்கு. அந்தக் கடைக்கார மாமாவைக் காணோம்."

"அவர் ரிட்டயர் ஆகி பல வருஷம் ஆச்சும்மா."

சிரிச்சா. அப்புறம் சொன்னா, "எனக்குன்னு கூப்பிட்டு ஒருத்தர் சாமான் வித்தது அங்கே மட்டும்தான். நம்ம நாடு அங்கே இல்லைன்னு அழுதேனே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கு. அன்னிக்கு அவளுக்கு நான் தப்பான பதில் சொல்லிட்டேன். நம்ம நாடு அந்த ஆத்திலேயே இருந்தது, எனக்குத்தான் தெரியலை. அந்தக் கடலைத் தாண்டித்தானே மிளகாய் வந்தது. மிளகு போட்டுச் சமைச்சுக்கிட்டு இருந்தவங்க, புதுசா வந்த காய்க்கு 'மிளகு மாதிரி உறைக்கிற காய்'னு பேர் வச்சு வீட்டுக்குள்ளே சேர்த்துக்கிட்டாங்க. தக்காளியும் மக்காச்சோளமும் அந்தப் பக்கத்துச் சரக்கு. சப்போட்டா என்கிற பேரே அஸ்தெக் மக்களின் நாவாட்டில் மொழிச் சொல்லிலிருந்து ஸ்பெயின் வழியா வந்தது. தில்லிக்கு வந்து நான் தின்னு வளர்ந்த சப்பாத்தி? 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதை கப்பலில் வந்தது. நார்மன் போர்லாக் அங்கே உருவாக்கின ரகங்கள். இங்கே அதைப் பிடிச்சுக்கிட்டுப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன். இதே தில்லியில் 1962 முதல் 6 வருஷம் மெக்சிகோவின் தூதரா இருந்தவர் கவிஞர் ஒக்தாவியோ பாஸ். 1968 அக்டோபர் 2 அன்னிக்கு மெக்சிகோ நகரத்தில் மாணவர்களை அவங்க அரசாங்கமே சுட்டுக் கொன்னது. சேதி கேட்டு இங்கே இருந்தபடியே பதவியைத் தூக்கிப் போட்டார். 1990இல் நோபல் பரிசு வாங்கினார்.

இதையெல்லாம் போனில் ஒரே மூச்சில் சொன்னேன். (தூக்கம் கலைஞ்ச கடுப்பில் தங்கமணி போர்வையை இழுத்து மூடிக்கிட்டாங்க.) மகள் பொறுமையாக் கேட்டா. கேட்டுட்டு, "மெக்சிகோ கதையில நடுவுல விட்டதை எல்லாம் சொல்லிட்டீங்க. நம்ம கதையில நடுவுல என்னப்பா?"

எனக்குப் புரியலை.

"சின்ன வயசுலேருந்து சொல்றீங்க. சோழ ராஜா, பெரிய கோயில். அடுத்து பொங்கல், கரும்பு, ஜல்லிக்கட்டு, ஆச்சி செஞ்ச கருப்பட்டிப் பணியாரம். அப்புறம் நேரா தில்லி. நடுவுல என்ன ஆச்சு? ஏன் ஊரை விட்டு வந்தீங்க?"

நடுராத்திரியில் இப்படிக் கேட்டா என்ன செய்யறது! நம்ம வீடுகளில் குழந்தைகளுக்கு ஊரைப் பத்தி நாம சொல்றது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு எட்டு நிமிஷப் படகுதான். முதலில் பழம்பெருமை. அப்புறம் பட்டுப்பாவாடை கட்டின பொம்மைகள். கடைசியில் தீபாவளி வாணவேடிக்கை. இறங்கு. நடுவில் இருக்கும் இருட்டுத் திருப்பத்தைப் பத்தி மூச்சு விட மாட்டோம். அவங்க மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லிக்குவோம். நிஜத்தில் நமக்குத்தான் கஷ்டம்.

அவங்களும் எத்தனை நாளைக்குத்தான் அந்தப் படகில் வருவாங்க? ஒருநாள் அதுவும் நிக்கும். அந்த இடத்தில் வேற ஏதாவது வாத்து வந்து உட்கார்ந்துக்கும். அப்போ வருத்தப்பட நமக்கு என்ன பாத்தியதை இருக்கு?

மெதுவா ஆரம்பிச்சேன். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காடு. 3 ஏக்கர். 1983இல் எங்க கிணறு வத்திப்போச்சு. அப்பா கடன் வாங்கி மேலும் தோண்டினார். பாறைதான் வந்தது. நிலம் அடமானத்துக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை. ஆச்சியின் கம்மல் எனக்குப் பரீட்சைப் பணம் ஆச்சு. அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதப் போனார். சொந்த நிலம் வச்சிருந்தவர், அந்த நிலத்து வழியாவே நடந்து வேலைக்குப் போகணும். வேற வழியே போவார், ரெண்டு மைல் சுத்து. நான் தில்லிக்கு ரயிலேறினப்போ ஸ்டேஷனுக்கு வந்தவர் ஒண்ணும் பேசலை. பெட்டியை மட்டும் உள்ளே தூக்கி வச்சார்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போச்சோன்னு நினைச்சேன்.

"இருக்கேம்ப்பா," என்றாள். "தாத்தா சுத்திப் போவாங்கன்னு சொன்னீங்களே, அந்தப் பாதை இன்னும் இருக்கா?"

இருக்குன்னேன். அடுத்த லீவில் நடந்து பார்க்கலாம்னு சொல்லியிருக்கா.

பச்சைக் கிரேயான் வரைபடத்தைத் தங்கமணி பழைய பேப்பர் கட்டோட சேர்க்கப் பார்த்தாங்க. பிடுங்கி வச்சிருக்கேன்.